பழைய வீடியோ கேம் பெட்டிக்குப் புது பவர் சப்ளை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் 90களில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் 'முஸ்தபா கேம்' என்றாலே போதும், புரிந்துவிடும். காப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'தான் அது. அந்தக் காலத்துப் பெட்டி ஒன்றை இன்று வாங்கினால், சீக்கிரம் படுத்துவிடும் பாகங்களில் ஒன்று பவர் சப்ளை. சூட்டில் கெபாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும்.

சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குக் கிளம்புமுன், பெட்டிக்குள் இருக்கும் கேம் போர்டுக்கு என்னென்ன வோல்டேஜ் வேண்டும் என்று பாருங்கள். வாட்ஸ் கணக்கெல்லாம் அப்புறம். 1985-ல் ஜப்பானில் வந்த ஜாம்மா முறைப்படி செய்த போர்டு என்றால் ஓரத்தில் 56 பின்கள் இருக்கும். அவற்றின் வழியே பிளஸ் 5, பிளஸ் 12, மைனஸ் 5 வோல்ட் போகும். 90களின் போர்டுகளில் பெரும்பாலானவை மைனஸ் 5-ஐத் தொடுவதே இல்லை. ஆனால் 1978-ன் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' போன்றவற்றில் உள்ள 8080 சிப்புக்கு மூன்றும் வேண்டும். 'பேக்-மேன்' போர்டு இன்னும் வேறு ரகம்: ட்ரான்ஸ்பார்மரிலிருந்து ஏ.சி.யை வாங்கி, தானே டி.சி.யாக மாற்றிக்கொள்ளும்.

வீட்டில் கிடக்கும் கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டலாமா? அவசரத்துக்கு ஓடும். எனக்கு அதில் இஷ்டமில்லை. புது மாடல்களில் மைனஸ் 5 கிடையாது, 5 வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகும் கிடையாது. அந்தத் திருகுதான் நமக்கு முக்கியம். இதற்கென்றே விற்கும் சப்ளைகளில் அது இருக்கும். 5 வோல்ட்டில் சுமார் 15 ஆம்பியர் தரும்.

திருகை முதலில் குறைத்து வைத்து, போர்டை மாட்டி, கேம் ஓடும்போது மல்டிமீட்டரைப் போர்டின் மேலேயே, ஏதாவது ஒரு சிப்பின் 5 வோல்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வைத்து அளக்க வேண்டும். சப்ளையில் 5.1 காட்டும், போர்டில் 4.7 கூட வராது. பாதி வழியில் பழைய ஒயரும் கறுத்த பின்களும் தின்றுவிடும். போர்டில் 5.0 வரும்வரை மெல்லத் திருகுங்கள். ரொம்பத் திருக வேண்டியிருந்தால் கோளாறு ஒயரில்தான், பின்னைத் துடையுங்கள். மலிவு சப்ளைகளில் 5-ஐ ஏற்றினால் 12-ம் கூடவே ஏறும். அதையும் அளந்துவிடுங்கள்.

கரண்டு போடுமுன் 110/220 சுவிட்ச் 220-ல் இருக்கிறதா, எர்த்து ஒயர் பெட்டியின் இரும்போடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ட்ரான்ஸ்பார்மரைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல பெட்டிகளில் பிக்சர் டியூப் மானிட்டருக்கு அதிலிருந்துதான் தனிமைப்படுத்திய 100 அல்லது 110 வோல்ட் போகிறது. அதை விட்டு நேரடியாக 230 கொடுத்தால் மானிட்டர் புகையும். வெறும் ஆட்டோ ட்ரான்ஸ்பார்மர் போட்டால் வோல்டேஜ் சரியாக இருந்தாலும் மானிட்டரின் சேஸிஸ் மெயின்ஸோடு ஒட்டிக்கொண்டு ஷாக் அடிக்கும். பழைய ட்ரான்ஸ்பார்மரே எரிந்துபோயிருந்தால், வைண்டிங் பட்டறையில் 'ஐசொலேஷன்' என்று அழுத்திச் சொல்லிச் சுற்றி வாங்குங்கள்.

முஸ்தபாவின் அசல் போர்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று: சவுண்டு பகுதியின் ரகசியச் சாவியை ஒரு சின்ன பேட்டரிதான் உயிரோடு வைத்திருக்கிறது. அது செத்தால் சாவியும் போய்விடும், எந்த சப்ளை போட்டாலும் திரும்பாது. சப்ளைக்குக் காசு கொடுக்குமுன் அதைப் பாருங்கள்.