வீட்டுலயே பர்த்டே, தட்டுல அத்தோ

(ஒலி வடிவத்திலிருந்து சுருக்கித் தொகுக்கப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

மே மாசம் நெருங்கினா காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்து வீடுகள்ல ஒரே மாதிரி ஒரு பேச்சு ஓடும். "பொண்ணுக்கு 15 வயசு முடியுது. ஃப்ரெண்ட்ஸை வீட்டுக்குக் கூப்பிடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இது தடைக்காலம். கையில காசு இல்ல, வீடும் சின்னது. என்ன பண்ணட்டும்?"

வெளியூர்ல இருந்து கேக்குறவங்களுக்காக ஒரு வார்த்தை. நம்ம கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகுங்க கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கம் பண்ற காலம்னு இந்தத் தடை. படகு வெச்சிருக்கவங்களுக்கு மட்டும் இல்ல. ஏலம் எடுக்குறவங்க, கூடை தூக்குறவங்க, ஐஸ் உடைக்கிறவங்க, மீன் விக்கிற அம்மாங்க எல்லாருக்கும் வருமானம் சுருங்குற நேரம் அது. அதே நேரம்தான் பள்ளிக்கூடமும் லீவு. பிள்ளைங்க முழு நாளும் வீட்டுல. அதனால ஏப்ரல் கடைசி, மே மாசம் பொறந்த பிள்ளைங்களோட ஆசையும் வீட்டுக் கணக்கும் நேருக்கு நேர் முட்டிக்கும்.

இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். வீட்டுலயே, நம்ம கையால செஞ்சு, 10-12 பிள்ளைங்களைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு மானக்கேடு இல்லாம ஒரு பர்த்டே எப்படிப் பண்றது?

முதல்ல பிள்ளைகிட்ட கேளுங்க

ஆறு வயசுப் பிள்ளைக்கு பர்த்டே பண்றது பெத்தவங்க. தொப்பி, பலூன், சொந்தக்காரங்க, ஃபோட்டோ எல்லாம் நம்ம ஆசை. 15 வயசுல அது மாறிடுது. அங்க வீட்டுக்காரர் அந்தப் பிள்ளைதான், நாம சமையல்காரங்க. இதை ஒத்துக்கிட்டா பாதிப் பிரச்சனை முடிஞ்சிடும்.

யார் யார் வராங்க, எத்தனை மணி வரைக்கும், அந்த நேரத்துல பெரியவங்க எங்க உக்காரணும்னு மூணு விஷயம் கேளுங்க. மூணாவது கேள்விதான் முக்கியம். "நீங்க வீட்டுல இருங்க, ஆனா ரூம்ல இருக்காதீங்க"ன்னுதான் பெரும்பாலும் பதில் வரும். அது நியாயமான பதில். அடுப்படியில இருங்க, பக்கத்து வீட்டுத் திண்ணையில இருங்க, வந்து போய்ட்டு இருங்க. பெரியப்பா, அத்தை, பாட்டியெல்லாம் காலையில வந்து ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போகட்டும். ரெண்டு கூட்டத்தையும் ஒரே நேரத்துல உக்கார வெச்சா ரெண்டுக்கும் சங்கடம்.

வீடு சின்னதுன்னு சொல்றீங்களா? பத்துக்குப் பத்து ரூம்ல கட்டிலைச் சாத்தி வெச்சுட்டு, பாய் விரிச்சு வட்டமா உக்காந்தா 10-12 பேர் தாராளமா அடங்குவாங்க. நாற்காலி போட்டாத்தான் இடம் பத்தாது. மொட்டை மாடி இருந்தா வீட்டுக்காரம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. சாயங்காலம் கடல் காத்து வீசும், நல்லாயிருக்கும். மெழுகுவத்தி மட்டும் நிக்காது. ஸ்பீக்கர் வெச்சா சத்தம் உங்க வீட்டோட நிக்கட்டும். ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கிக்குச் சட்டப்படியே அனுமதி இல்ல. ஆனா நாலரைக்கு ஆரம்பிச்சு ஏழுக்கு முடிக்கிறதுதான் நம்ம ஏரியாவுக்குச் சரி. ஏன்னு கடைசியில சொல்றேன்.

இன்னொண்ணு. கூப்பிடும்போதே "கிஃப்ட் வேணாம், கலர் டிரஸ் எதுவும் கணக்கு இல்ல, சும்மா வாங்க"ன்னு உங்க பிள்ளை வாயாலேயே சொல்லச் சொல்லுங்க. தடைக்காலம் உங்க வீட்டுக்கு மட்டும் இல்லையே, வர்ற பிள்ளைங்க வீட்டுக்கும்தான். கிஃப்ட் வாங்கக் காசு இல்லாத பிள்ளை "எனக்கு அன்னைக்கு வேலை இருக்கு"ன்னு சொல்லிட்டு வீட்டுலயே உக்காந்துக்கும். அந்தப் பொய்யை யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டாங்க.

ஏன் அத்தோ?

இப்போ சாப்பாடு. வீட்டு பர்த்டேவுல அம்மா படுற பாடு என்ன? பிள்ளைங்க வந்து உக்காந்தப்புறம்தான் பஜ்ஜி போடுவாங்க, பூரி போடுவாங்க. அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், வீடே வேகும், கடைசிப் பிள்ளைக்கு வர்றப்போ முதல் பிள்ளைக்குத் திரும்பப் பசிக்கும். அதனால எல்லா வேலையும் முன்னாடியே முடிஞ்சிருக்கணும், பரிமாறும்போது அடுப்பே தேவைப்படக் கூடாது. வயிறு நிறையணும், சைவம் சாப்பிடுற பிள்ளையும் தனியா ஒதுங்காம சாப்பிடணும். இத்தனைக்கும் பொருந்துற ஒரு பண்டம் வடசென்னையிலேயே இருக்கு. பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ல, செகண்ட் லைன் பீச் பக்கம் நின்னு சாப்பிடுவோமே, அத்தோ.

அது எப்படி இங்க வந்துச்சுங்கறது பெரிய கதை, சுருக்கமா சொல்றேன். வட்டித்தொழில், துறைமுக வேலை, வயல் வேலைன்னு பர்மாவுல பல தலைமுறையா தமிழர்கள் இருந்தாங்க. 1962-ல அங்க ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுது. அடுத்த ரெண்டு வருஷத்துல கடைகள், வியாபாரங்கள் எல்லாம் அரசுடைமை ஆச்சு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பலேறி சென்னையில வந்து இறங்கினாங்க. 1969-ல துறைமுகத்துக்கு எதிர்ல பர்மா பஜார் வந்துச்சு. வியாசர்பாடியில அவங்களுக்குக் குடியிருப்புகள் உண்டு. எண்ணூர்ல பர்மா நகர்னு ஒரு பேரே இருக்கு. சொத்தைக் கொண்டு வர முடியல, நாக்குல இருந்த ருசியைக் கொண்டு வந்தாங்க.

பர்மிய மொழியில 'அ-தோ'ன்னா கையால பிசறிக் கலந்தது. சமைக்கிற பண்டம் இல்ல, கலக்குற பண்டம். அதனாலதான் பார்ட்டிக்கு இது ஆகி வருது: எல்லாத்தையும் தனித்தனியா செஞ்சு வெச்சுட்டா, கலக்குற வேலையை பிள்ளைங்களே பாத்துப்பாங்க.

12 பேருக்குக் கணக்கு

உலர்ந்த கோதுமை நூடுல்ஸ் ஒண்ணேகால் கிலோ. மசாலா பாக்கெட்டோட வர்றது வேணாம், வெறும் நூடுல்ஸ். முட்டைக்கோஸ் முக்கால் கிலோ. வெங்காயம் ஒன்றரை கிலோ, அதுல ஒரு கிலோ வறுக்க, அரை கிலோ பச்சையா. பூண்டு 200 கிராம், புளி 150 கிராம், பொட்டுக்கடலை 200 கிராம், எலுமிச்சம்பழம் எட்டு, தட்டை ஒரு 30, எண்ணெய் அரை லிட்டர். இடிச்ச காஞ்ச மிளகா, உப்பு, கொத்தமல்லி.

முதல் நாளே செய்யக் கூடியதுதான் ருசிக்கு ஆதாரம். வெங்காயத்தை மெல்லிசா, ஒரே அளவா நறுக்கி மிதமான தீயில வறுங்க. பொன்னிறம் முழுசா வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே எடுத்துடணும். வெளிய எடுத்தப்புறமும் அது சிவந்துக்கிட்டே இருக்கும். அதே எண்ணெயில பூண்டுச் சீவல். அந்த எண்ணெயைக் கொட்டிடாதீங்க, அத்தோவோட வாசனையே அதுலதான். பொட்டுக்கடலையை வெறும் சட்டியில சூடு காட்டிப் பொடிச்சு வைங்க. புளியைக் கரைச்சு, உப்புப் போட்டு ஒரு கொதி விட்டு ஆற வைங்க.

மேல நொறுக்கிப் போடுறதுக்கு கடையில பேஜோ வெச்சிருப்பாங்க. 'பே'ன்னா பயறு, 'ஜோ'ன்னா பொரிச்சது. வீட்டுல அதுக்குப் பதிலா தட்டையே போதும்.

நூடுல்ஸை மட்டும் அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு மேலதான் வேக வைக்கணும். இதுல கொஞ்சம் நிதானமா கேளுங்க. சாதம், நூடுல்ஸ் மாதிரி மாவுப் பண்டங்கள்ல பேசிலஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியாவோட வித்து இருக்கலாம். கொதிக்கிற தண்ணியில அது சாகாது. வெந்த பண்டம் வெதுவெதுன்னு கிடந்தா முளைச்சு, விஷத்தை உண்டாக்கும். திரும்பச் சூடு பண்ணாலும் அந்த விஷம் போகாது, வாந்திதான். பொதுவா 2 மணி நேரம்னு சொல்வாங்க, 32 டிகிரிக்கு மேல வெயில்னா ஒரு மணி நேரம். மே மாசத்துச் சென்னைக்கு எதுன்னு நான் சொல்லத் தேவையில்ல. அதனால வெந்ததும் வடிச்சு, காய்ச்சி ஆற வெச்ச தண்ணியில அலசி, ஒரு கரண்டி பூண்டு எண்ணெய் பிசறி, அகலத் தட்டுல பரப்பி ஆற விட்டு, ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஃப்ரிட்ஜ் இல்லன்னா நாலு மணிக்கு வேக வெச்சு அஞ்சு மணிக்குள்ள சாப்பிட்டு முடிக்கிற மாதிரி நேரத்தை மாத்திக்கோங்க. கடையில இருக்குற ஆரஞ்சு நிறத்துக்காக கலர் பொடி போடாதீங்க. ஒரு சிட்டிகை மஞ்சள் போதும்.

பிள்ளைங்க வந்ததும் பெரிய பேசன்ல நூடுல்ஸ், சுத்தி கிண்ணங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு அவங்கவங்களே போட்டு, பிசறி, ருசி பாத்து, "எனக்குப் புளி பத்தல, உனக்குக் காரம் ஜாஸ்தி"ன்னு சண்டை போட்டுக்கிட்டு சாப்பிடுவாங்க. கேம்ஸ் எதுவும் தனியா யோசிக்கத் தேவையில்லாம முதல் அரைமணி நேரம் ஓடிடும்.

அசைவப் பிள்ளைங்களுக்கு முட்டை மசாலா. ஆளுக்கு ரெண்டு முட்டை அவிச்சு, நடுவுல கீறி, வறுத்த வெங்காயம், பூண்டு, மிளகா, ரெண்டு சொட்டுப் புளித்தண்ணி உள்ள திணிச்சுக் குடுங்க. மயோனைஸ் வேணும்னு பிள்ளைங்க கேப்பாங்க. பச்சை முட்டையில செஞ்ச மயோனைஸை தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8-ல இருந்து ஒரு வருஷத்துக்குத் தடை பண்ணினது சும்மா இல்ல. சால்மோனெல்லா கிருமி வரும்கிற பயத்துலதான். வீட்டு மிக்ஸியில அடிச்சாலும் பச்சை முட்டை பச்சை முட்டைதான்.

கூடவே வாழைத்தண்டு சூப். தண்டைப் பொடியா நறுக்கி நாரை விரல்ல சுத்தி எடுத்துட்டு, இஞ்சி பூண்டு, மஞ்சள், மிளகு போட்டு வேக வெச்சு, பொட்டுக்கடலை மாவைக் கரைச்சு ஊத்திக் கொதிக்க விடுங்க. பர்மாவுல மொஹிங்காவுக்கு மீன் போட்டுத்தான் குழம்பு வைப்பாங்க. நம்மளது மீன் இல்லாத தம்பி, தடைக்காலத்துக்குப் பொருத்தம்.

கேக், ஜூஸ், ஐஸ்

கேக் வெட்டாம பிள்ளைங்க விட மாட்டாங்க. பர்மாவுலயே ரவை, தேங்காய்ப்பால், சர்க்கரை போட்டு, மேல கசகசா தூவி ஒரு கேக் செய்வாங்க. ஒரு பங்கு வறுத்த ரவைக்கு ரெண்டு பங்கு தேங்காய்ப்பால், முக்கால் பங்கு சர்க்கரை, கொஞ்சம் நெய். அடுப்புல கெட்டியாகுற வரைக்கும் கிளறி, நெய் தடவின பாத்திரத்துல அழுத்தி, குக்கர்ல உப்பு பரப்பி அது மேல ஒரு வளையம் வெச்சு, 30-40 நிமிஷம் சிறு தீயில வைங்க. கேஸ்கட், வெயிட் ரெண்டையும் கழட்டிடணும், தண்ணி ஊத்தக் கூடாது. முழுக்க ஆறினப்புறம்தான் வெட்ட வரும். முட்டை இல்ல, க்ரீம் இல்ல, வெயில்ல உருகாது.

குடிக்க நன்னாரி சர்பத், எலுமிச்சை. ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும்: மீன் மேல போடுற பார் ஐஸ் குடிக்கிறதுக்காகத் தயாரிக்கிறது இல்ல. காசிமேட்டுல சுலபமா கிடைக்குதேன்னு உடைச்சு சர்பத்துல போட்டுடாதீங்க. பாட்டிலைச் சுத்தி வெளிய வெச்சுக் குளிர வைக்கலாம், உள்ள போகக் கூடாது.

தட்டுக்குப் பாக்குமட்டை, இல்லன்னா எவர்சில்வர். பிளாஸ்டிக் பூசின பேப்பர் தட்டு, கப்பெல்லாம் 2019 ஜனவரி 1-ல இருந்தே நம்ம மாநிலத்துல தடை. கடையில கிடைக்குதுங்கறது வேற விஷயம்.

ஸ்னோ ஸ்ப்ரே வேணவே வேணாம். நுரையை வெளிய தள்ளுறதுக்கு அந்த டப்பாவுல பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன் வாயுதான் இருக்கும். நம்ம சிலிண்டர்ல இருக்குற அதே சரக்கு. மெழுகுவத்தி எரியும்போது அடிச்சா, நுரை முகத்துல ஒட்டியிருக்கும்போதே தீப்பிடிக்கும். மெழுகுவத்தி அணைஞ்சப்புறம் அடிக்கலாமேன்னு கேப்பாங்க. பத்துக்குப் பத்து ரூம், பக்கத்துல அடுப்படி. வேணாம்.

ஏழு மணிக்கு ஏன் முடிக்கணும்

டி.எச். ரோடு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை, மணலி சாலைன்னு எங்க பாத்தாலும் துறைமுகத்துக்குப் போற, வர்ற கன்டெய்னர் லாரி. இருட்டுனப்புறம் சைக்கிள்ல, ரெண்டு பேர் ஒரு ஸ்கூட்டியிலன்னு பிள்ளைங்களை அந்த ரோட்டுல விட மனசு வராது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம்னா மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் இருக்கு. எண்ணூர், கத்திவாக்கம்னா மின்சார ரயில். நாலஞ்சு பேரா சேர்ந்து ஸ்டேஷன் வரைக்கும் போகட்டும், கூட ஒரு பெரியவங்க போங்க. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் உங்க பிள்ளைக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க. பொம்பளைப் பிள்ளைங்க மட்டும் இல்ல, பசங்களும்தான்.

மிஞ்சினதை என்ன பண்றது? வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், கடலைப் பொடி மூணும் டப்பாவுல அடைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சா நாலு நாள் ரசஞ்சாதத்துக்குக் கூட வெச்சுக்கலாம். கலந்து மிஞ்சின நூடுல்ஸையும் வெளிய கிடந்த முட்டையையும் நாளைக்குன்னு எடுத்து வைக்காதீங்க.