வறண்ட கொல்லையில விளைஞ்ச விதை வறட்சியை ஞாபகம் வெச்சிருக்குமா?

இந்த எபிசோடுல ஒரே ஒரு கேள்வி. வறட்சியில தப்பிச்ச பயிரோட விதையை எடுத்து வெச்சா, அடுத்த வருஷம் அது வறட்சியைத் தாங்குமா? மானாவாரியா சாமை, கேழ்வரகு போடுற நம்ம திருவண்ணாமலை மாவட்டத்துல இது பொழுதுபோக்குக் கேள்வி இல்ல. விதை சரியில்லன்னா ஒரு பருவமே போச்சு. "விதைக்கு ஞாபகசக்தி இருக்கு, எபிஜெனடிக்ஸ் நிரூபிச்சிருச்சு"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. அதுல எது உண்மைன்னு பார்ப்போம்.

முதல்ல ஜீனோம். ஒரு செடியோட மொத்த டிஎன்ஏ எழுத்துக்கள்தான் அது. நெல்லுக்கு சுமார் 39 கோடி எழுத்து. 2005-ல அதைப் படிச்சு முடிச்ச சர்வதேசக் குழுவுல இந்தியாவும் இருந்தது. 11-வது குரோமோசோமோட ஒரு பகுதி நம்ம பங்கு. தினையோட ஜீனோம் 2012-லயும், கேழ்வரகோடது 2017-லயும் வெளிவந்தது. கேழ்வரகுக்கு 100 கோடி எழுத்துக்கு மேல. ஏன்னா ரெண்டு மூதாதை இனங்களோட ஜீனோம் அதுல ஒண்ணா சேர்ந்திருக்கு.

ஆனா வேர்லயும் அதே எழுத்து, கதிர்லயும் அதே எழுத்து. எந்த ஜீன் எங்க, எப்ப வேலை செய்யணும்ங்கிறதுதான் வித்தியாசம். எங்க துறையில சொல்லணும்னா கோடு ஒண்ணுதான், கான்ஃபிக் வேற.

ஒரு நல்ல உதாரணம் சப்1ஏ ஜீன். ஒடிசாவோட பழைய நெல் வழியில வந்த எஃப்ஆர் 13ஏ ரகத்துல இருந்தது. 2006-ல அடையாளம் கண்டாங்க. சாதாரண நெல் வெள்ளத்துல மூழ்கினா, மேல வரணும்னு வேகமா நீண்டு, இருக்கிற சத்தைத் தீர்த்துட்டுச் செத்துடும். சப்1ஏ இருக்கிற பயிர் வளர்ச்சியை நிறுத்தி வெச்சு, ரெண்டு வாரம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். தமிழ்நாட்டுல சிஆர் 1009 சப்1 ரகம் அப்படி வந்ததுதான். இங்க கவனிங்க, இது ஞாபகம் இல்ல. எழுத்துலயே இருக்கிற குணம். அதனால தலைமுறை தலைமுறையா நிக்கும்.

எபிஜெனடிக்ஸ் வேற. எழுத்து மாறாது, ஆனா எழுத்து மேல சின்ன ஒட்டு விழும். டிஎன்ஏல 'சி' எழுத்து மேல மீத்தைல்னு ஒரு சின்ன வேதிக்குழு ஒட்டிக்கும். ஜீனோட ஆரம்பப் பகுதியில அது நிறைய இருந்தா பெரும்பாலும் அந்த ஜீன் வாயை மூடிக்கும். ஜப்பான்ல 2009-ல விவரிச்ச எபி-டி1 நெல்லுல, ஒரே செடியில ஒரு தூர் குட்டையாவும் இன்னொரு தூர் உயரமாவும் வரும். ரெண்டுலயும் எழுத்து ஒண்ணுதான். குட்டைத் தூர்ல ஜீன் மூடியிருக்கு, அவ்வளவுதான்.

இந்த ஒட்டு அடுத்த தலைமுறைக்குப் போகுமா? சில சமயம் போகும். 2025-ல சீன விஞ்ஞானிகள் நெல்லுல காட்டினாங்க. கதிர் உருவாகுற நேரத்துல குளிர் கொடுத்து, நல்லா மணி பிடிச்சதை மட்டும் தேர்ந்தெடுத்து, மூணு தலைமுறை வளர்த்தாங்க. ஏசிடி1 ஜீன் மேல இருந்த மீத்தைல் ஒட்டு குறைஞ்சு, குளிரைத் தாங்குற குணம் வந்தது. அப்புறம் குளிரே இல்லாம வளர்த்தும் அஞ்சு தலைமுறை நின்னது.

அப்போ நம்ம கொல்லை விதையும் அப்படித்தானேன்னு முடிவு பண்ணிடாதீங்க. அந்த ஆய்வுல தலைமுறைக்குத் தலைமுறை பொறுக்கி எடுத்தாங்க. ஒரு வருஷ வறட்சியில விழுற ஒட்டுல பெரும்பாலானது மழை வந்ததும் அழிஞ்சிடும். இன்னொண்ணு, நாட்டு ரகம் கலப்பா இருந்தா, வறட்சியில பலவீனமானது செத்து, தாங்குறது மட்டும் மிஞ்சியிருக்கும். அது ஞாபகம் இல்ல, தேர்வு. ஏற்கெனவே ஒரே சீரா இருக்கிற ரகத்துல அந்தத் தேர்வுக்கும் பெருசா இடமில்ல.

மூணாவதுதான் ஆபத்து. தண்ணி இல்லாம முத்தாத கதிர்ல விதை பொக்கா இருக்கும். முளைப்பும் குறையும், நாத்துக்கு வீரியமும் குறையும். "ஞாபகம்" இருக்கும்னு நம்பி அதைத் தூவினா நஷ்டம் நமக்குத்தான்.

அதனால செய்ய வேண்டியது எளிமை. ஈரத்துணியில 100 விதை வெச்சு எண்ணுங்க. சிறுதானியத்துக்குச் சான்று விதைத் தரம் 75 சதவீத முளைப்பு, நெல்லுக்கு 80. குறைஞ்சா வேற விதை பாருங்க. நம்ம ஊர்ப் பக்கத்துல அத்தியந்தல்ல தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட சிறுதானிய மகத்துவ மையம் இருக்கு. சாமை ஏடிஎல் 1 மாதிரி ரகங்கள் அங்கதான் உருவாச்சு. விதையைக் கடினப்படுத்துறதும் உண்டு: ஊற வெச்சு, நிழல்ல பழைய ஈரப்பதத்துக்கே காய வெச்சு விதைக்கிறது. அது அந்தப் பருவத்துக்கே உதவுற தயாரிப்பு. அடுத்த தலைமுறை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

விதை எதையோ ஞாபகம் வெச்சிருக்கலாம். ஆனா விதைக்கிறதுக்கு முன்னாடி எண்ணிப் பார்க்க வேண்டியது நாமதான். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.