நடுத்தண்ணியில் ஜெட் ஸ்கி நின்னுபோச்சா? ஸ்டார்ட் பட்டனை மறுபடி அழுத்தும் முன் இதைப் படிங்க!

பீச்சுக்குப் போனா ஜெட் ஸ்கியில் ஒரு ரவுண்டு போகாம வர மனசு வராது. ஆனா கரையில் இருந்து கொஞ்ச தூரம் தள்ளி இன்ஜின் பட்டுன்னு நின்னுட்டா? ரோட்டில் பைக் நின்றால் ஓரமாகத் தள்ளிட்டுப் போகலாம். இங்கே அது நடக்காது. அதோடு, ஜெட் ஸ்கிக்குப் படகு மாதிரி சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரின் திசையை மாற்றித்தான் வண்டியே திரும்புகிறது. இன்ஜின் ஆஃப் ஆனால் ஹேண்டில்பாரை எவ்வளவு திருப்பினாலும் பலன் இல்லை. காற்று இழுக்கும் பக்கம்தான் பயணம்.

முதல்ல அந்தக் கயிற்றைப் பாருங்க

ஓட்டுபவரின் லைஃப் ஜாக்கெட்டிலோ மணிக்கட்டிலோ மாட்டிவிடும் சுருள் கயிறுதான் லேன்யார்டு. ஓட்டுபவர் தவறி விழுந்தால் கயிறு கழன்று இன்ஜின் தானாக நிற்கும். அதன் மறுமுனை வண்டியில் சரியாக உட்காரவில்லை என்றால் ஸ்டார்ட் ஆகவே ஆகாது. விழுந்து எழுந்து பதற்றத்தில் ஏறுபவர்கள் இதை அரைகுறையாக மாட்டிவிட்டு "இன்ஜின் போச்சு"னு கத்துவது சகஜம். கழற்றி, திரும்ப அழுத்தி மாட்டுங்க. பெட்ரோல் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' மட்டும் வருதா? பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது உப்புக்காற்றில் டெர்மினல் பூத்திருக்கும். இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க் பிளக் அல்லது பெட்ரோல் பிரச்சனை. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். சீசன் முடிந்து ஷெட்டில் நிற்கும் வண்டிகள் மறுபடி மக்கர் பண்ண இது ஒரு காரணம்.

இன்ஜின் நல்லா உறுமுது, வண்டி மட்டும் நகரலையா? அப்போ பம்ப்பில் ஏதோ சிக்கியிருக்கு. வண்டியின் அடியில் உள்ள கம்பி வலை வழியாகத் தண்ணீரை இழுத்து, இம்பெல்லர் என்ற விசிறி பின்பக்கம் தள்ளுகிறது. பாசி, பிளாஸ்டிக் கவர், அறுந்த மீன்வலை எதுவும் உள்ளே போகலாம். பல மாடல்களில் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரும் இதே பம்ப்பில் இருந்துதான் வருகிறது. ஒரு கேரி பேக் அடைத்தால் வேகமும் போகும், சூடும் ஏறும். எச்சரிக்கை ஒலி கேட்டபிறகும் ஓட்டுவது செலவைக் கூட்டும் வேலை. ஆஃப் செய்து, லேன்யார்டையும் கழற்றிய பிறகே அடியில் கை விடணும். இன்ஜின் ஓடும்போது கையோ தலைமுடியோ அந்தப் பக்கமே போகக்கூடாது.

சுமார் 3 அடிக்கும் குறைவான தண்ணீரில் ஸ்டார்ட் பண்ணவும் கூடாது. மணலை உறிஞ்சி, விசிறிக்கும் அதைச் சுற்றிய வளையத்துக்கும் இடையில் தேய்ந்துவிடும். அப்புறம் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் பழைய இழுவை வராது.

கவிழ்ந்த பிறகு 'டக்'னு சத்தமா?

பலரும் தப்பு பண்றது இங்கேதான். கவிழ்ந்த வண்டியை எந்தப் பக்கமாக நிமிர்த்த வேண்டும் என்று பின்பக்க ஸ்டிக்கரில் போட்டிருக்கும். எதிர்ப்பக்கம் புரட்டினால் எக்ஸாஸ்ட்டில் நிற்கும் தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்கலாம். அதன்பின் பட்டனை அழுத்தும்போது ஒரே ஒரு 'டக்' சத்தத்தோடு நின்றால், சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம். காற்றை பிஸ்டன் அமுக்கிவிடும், தண்ணீரை அமுக்க முடியாது. மறுபடி மறுபடி அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையலாம். கரைக்குக் கொண்டுபோய் மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுவதுதான் வழி. அதையும் அன்றே செய்யணும். உப்புத்தண்ணி உள்ளே இருந்தால் துரு வேகமாகப் பிடிக்கும்.

கட்டி இழுக்கும்போதும் இதே ஆபத்து. இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது வேகமாக இழுத்தால், கூலிங் பைப் வழியாகத் தண்ணீர் ஏறி இன்ஜினை நிரப்பும். மணிக்கு 8 கி.மீ.க்கு மேல் வேண்டாம் என்கின்றன சில கையேடுகள். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவும்போது முதலில் இன்ஜின் ஸ்டார்ட், பிறகு குழாய். நிறுத்தும்போது முதலில் குழாய், அடுத்து இன்ஜின். மாற்றிச் செய்தால், தண்ணீரை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் அழுத்தம் இருக்காது. அது பின்னோக்கி சிலிண்டருக்குப் போகும்.

ஸ்டார்ட் ஆகலைன்னா நீந்தலாமா?

வேண்டாம். கரை பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும், நீரோட்டம் விடாது. கவிழ்ந்தாலும் வண்டி மிதக்கும். தண்ணீரில் தனித் தலையைவிட அது தூரத்தில் இருந்தே கண்ணில் படும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்தி இறக்கிக் காட்டுங்க. போன் வாட்டர்ப்ரூஃப் பையில் இருந்தால், கடலோரக் காவல் படையின் இலவச அவசர எண் 1554. பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யாதீங்க. சீட்டைத் திறந்து வாடை போகும்வரை காத்திருங்க. மூடிய இன்ஜின் அறையில் தங்கும் ஆவிக்கு ஒரு சின்னப் பொறி போதும்.