அலுமாரிக்குள் உறங்கும் சான்றிதழ்



மட்டக்களப்பு வாவிக் கரையோரத்து ஊர்களான காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கணனி படித்த பெண் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆனால் கலியாணம் முடிந்து ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டால், எத்தனையோ வீடுகளில் அந்தச் சான்றிதழ் அலுமாரிக்குள் போய்விடுகிறது. "இனி என்ன வேலை?" என்று உம்மா கேட்கிறார். மகளும் தன்னைத்தானே அப்படித்தான் கேட்டுக்கொள்கிறாள்.

இப்படி வீட்டோடு நின்றுவிட்ட பெண்களைக் கொண்டே ஒரு பெரும் கணனி நிறுவனத்தை உருவாக்கிக் காட்டியவர் ஸ்டெபனி ஷேர்லி. 1939இல், ஐந்து வயதில், நாஸிகளுக்குத் தப்பி இங்கிலாந்து வந்த யூத அகதிச் சிறுமி அவர். படித்துக் கணனித் துறையில் வேலை பார்த்தார். பெண் என்பதால் மேலே உயர வழியில்லை என்று கண்டதும், 1962இல் வெறும் 6 பவுண் முதலோடு தமது வீட்டிலேயே மென்பொருள் எழுதும் தொழிலைத் தொடங்கினார்.

அவர் வேலைக்குச் சேர்த்த முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். கலியாணத்தாலும் பிள்ளைப்பேற்றாலும் வேலையை விட்டவர்களே அவர்களில் பலர். வீட்டில் இருந்தபடி பென்சிலால் தாளில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான மென்பொருளை எழுதியவர்களும் இந்த வீட்டுப் பெண்களே!

திறமை எங்கே இருந்தது?

கணனி அறிவு மட்டும் அவரை உயர்த்தவில்லை. பிறர் பயனற்றதென்று ஒதுக்கிய திறமையை அவர் முதலாகக் கண்டார். மணிக்கணக்கில் கூலி கேட்காமல், முழு வேலைக்கும் ஒரே விலை பேசினார். அதனால் யார் எந்த நேரத்தில் வேலை செய்தார்கள் என்ற கேள்வி எழவில்லை. பிள்ளை உறங்கிய பின் எழுதினாலும் வேலை வேலைதான். பிற்காலத்தில் நிறுவனத்தின் பங்குகளை ஊழியர்களுக்கும் கொடுத்தார். அவர்களில் 70 பேர் கோடீஸ்வரர் ஆனார்கள்.

ஆனால் ஒரு வேதனையும் உண்டு. 'ஸ்டெபனி' என்று கையொப்பமிட்ட கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. 'ஸ்டீவ்' என்று ஆண் பெயரில் எழுதிய பிறகுதான் கதவுகள் திறந்தன. 2025இல் அவர் காலமானார்.

நமக்கு என்ன குறை?

நம் அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் பெயரை மறைக்காமலே வணிகம் செய்தவர். சரக்கை மட்டுமல்ல, ஆளையும் எடைபோடத் தெரிந்தவர். நம்பிக்கையாளர் என்று அறிந்த பின்னரே நபி (ஸல்) அவர்களிடம் ஷாம் தேசத்து வியாபாரத்தை ஒப்படைத்தார்கள்.

நம் பகுதியிலோ கலியாணத்தின்போது வீட்டைப் பெண் பிள்ளைக்கே கொடுப்பது வழக்கம். ஆகவே தொழில் தொடங்க இடம் உண்டு. வட்டிக் கடன் வாங்கித் தவணைக்காரருக்குப் பயந்து வாழும் துயரத்தை நம் மாவட்டம் நன்றாகவே அறியும். கணனி வேலைக்கு அந்தக் கடன் அவசியமில்லை. கடைக்காரரின் கணக்கைப் பதிவது, கைத்தறிச் சேலைகளை இணையத்தில் விற்றுக் கொடுப்பது போன்ற சிறு வேலைகளிலிருந்தே தொடங்கலாம். சொன்ன விலை, சொன்ன நாள், சரியான கணக்கு: இந்த மூன்றும் தவறாதிருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பிரதேச செயலகத்தில் தொழிலைப் பதியும்போது கணவர் பெயரிலோ காக்கா பெயரிலோ பதியாதீர்கள். வீட்டு உறுதி உங்கள் பெயரில் இருக்கிறது. தொழிலும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். இன்ஷா அல்லாஹ், அந்தச் சான்றிதழை இன்றே வெளியே எடுங்கள்!