குளிரும் உடல் தன்னை அறியாது
பரலாச்சா கணவாய்ச் சாலையில் ஒரு மழை நாள்

மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் மலைச்சாலையில் குழுவாக மோட்டார் சைக்கிளில் பயணம் செய்ய விரும்புவோர் இப்போது பெருகி வருகின்றனர். "டாக்டர், எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது; நான் போகலாமா?" என்று புறநோயாளர் பிரிவில் கேட்போரும் உண்டு. உயரத்தைப் பற்றிய அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. மழையைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. பீர் பாஞ்சால் மலைத்தொடர் பருவமழையின் பெரும்பகுதியைத் தெற்கிலேயே தடுத்துவிடுகிறது. 2020இல் திறக்கப்பட்ட, சுமார் 9 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதைக்குள் மழையில் நுழைந்து, மறுபுறம் லாஹௌல் பள்ளத்தாக்கில் வெயிலில் வெளிவருவது பலரது அனுபவம். 'இனி மழையில்லை' என்று மழைக்கோட்டைப் பையின் அடியில் வைத்துவிடுவார்கள். ஆயினும் அங்கும் மழை வரும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்டு மாதத்தில், நாங்கள் எழுவர் அவ்வழியே சென்றோம். உயரத்திற்கு உடல் பழகுவதற்காகக் கேலாங்கில் இரண்டு இரவுகள் தங்கினோம். மூன்றாம் நாள் காலை, 4,890 மீட்டர் உயரமுள்ள பரலாச்சா கணவாயைக் கடந்து சர்ச்சு செல்லப் புறப்பட்டோம். தார்ச்சாவைத் தாண்டியதும் மெல்லிய தூறல் தொடங்கியது. மேலே செல்லச் செல்ல மழை வலுத்தது. சாலையைக் குறுக்கே கடக்கும் பனியுருகு ஓடைகளில் நீர் பெருகி, காலணிகளுக்குள் புகுந்தது.

வரிசையில் ஐந்தாவதாக வந்த நண்பரிடம் ஏற்பட்ட மாற்றத்தை முதலில் கண்டவர் அவருக்குப் பின்னால் வந்த பள்ளி ஆசிரியர். திருப்பம் முடிந்த பின்னும் நண்பரின் வண்டியில் திசைகாட்டி விளக்கு நெடுநேரம் அணையாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. வண்டியும் சாலையின் நடுவை நோக்கி விலகி விலகிச் சென்றது. ஆசிரியர் ஒலிப்பானை அழுத்தி அனைவரையும் நிறுத்தினார். சிங்சிங்பாரில் ஒரு தேநீர்க் கூடாரத்தில் ஒதுங்கினோம். நண்பரால் தலைக்கவசத்தின் வாரைக் கழற்ற முடியவில்லை. உடல் நடுங்கியது, சொற்கள் குழறின. ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "எனக்கு ஒன்றுமில்லை, போகலாம்."

மருத்துவத்தில் இதனை ஹைப்போதெர்மியா என்போம். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும் நிலை இது. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். 5 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கி.மீ. வேகக் காற்று பட்டால், நனையாத தோலுக்கே அது உறைநிலைக்குச் சற்றுக் கீழான குளிராகத் தோன்றும். நனைந்த ஆடையில் வெப்ப இழப்பு இன்னும் மிகுதி. உள்வெப்பம் குறையும்போது சிந்தனையும் மந்தமாகிறது. ஆகவே, தமக்கு ஆபத்து என்பதை உணர வேண்டிய அறிவே முதலில் தளர்கிறது.

நனைந்த உடைகளைக் களைந்து, உலர்ந்த கம்பளிகளால் அவரைப் போர்த்தினோம். ஈரத்தரை படாமல் மெத்தையில் இருத்தினோம். கோப்பையைத் தாமே பிடித்து விழுங்கும் தெளிவு வந்தபின் சர்க்கரை மிகுந்த சூடான தேநீர் கொடுத்தோம். கை கால்களைத் தேய்க்கவில்லை. தேய்ப்பது நன்மை தராது. மதுவும் கூடாது, அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வெப்பத்தை மேலும் வெளியேற்றும். நடுக்கம் இருந்தவரை எங்களுக்கு நம்பிக்கை இருந்தது. உடல் சூடேறாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால், அது நிலைமை முற்றியதன் அடையாளம்.

ஒரு மணி நேரத்தில் அவர் தேறினார். மேலே செல்வதா, திரும்புவதா என்ற கேள்வி எழுந்தது. கணவாயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 55 விழுக்காடே. உயர்மலை நோயால் மூளை வீங்கினாலும் தள்ளாட்டமும் குழப்பமும் வரும். இரத்தச் சர்க்கரை தாழ்ந்தாலும் அவ்வாறே. மலைமேல் இவற்றைப் பிரித்தறிவது கடினம். கீழிறங்கினால் மூச்சுக்காற்றும் வெப்பமும் ஒருங்கே கூடும். அவரைத் துணை வாகனத்தில் ஏற்றி, சுமார் 3,200 மீட்டர் உயரத்திலுள்ள ஜிஸ்பாவுக்குத் திரும்பினோம். அவரது வண்டியை மெக்கானிக் ஓட்டிவந்தார். பயணம் இரண்டு நாள் தாமதமாயிற்று. எழுவரும் லே சேர்ந்தோம்.

இத்தகைய பயணம் செல்ல விரும்பும் நோயாளிகளுக்குச் சில சொற்கள். இதய நோய், நுரையீரல் நோய், இரத்தச் சோகை உள்ளவர்கள் முன்பதிவு செய்வதற்கு முன்பே மருத்துவரைக் காணுங்கள். இன்சுலினை உடலோடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. கடுங்குளிரில் சர்க்கரை அளவிடும் கருவி தவறான அளவைக் காட்டக்கூடும். மழைக்கோட்டும் ஒரு மாற்றுடையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். உங்களுக்கு உள்ள நோயைக் குழுவில் ஒருவருக்கேனும் சொல்லிவையுங்கள்.

பராமரிப்போருக்கும் ஒரு சொல். வீட்டிலுள்ள முதியவர் குளிரில் சோர்ந்தாலும், காய்ச்சலில் பிதற்றினாலும், சர்க்கரை தாழ்ந்து எரிந்து விழுந்தாலும், "எனக்கு ஒன்றுமில்லை" என்றே சொல்லக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. வழக்கமாகச் செய்யும் ஒரு சிறு செயலில் அவர் தடுமாறுவதை நீங்கள் கண்டால், அவர் சொல்வதைவிட நீங்கள் கண்டதை நம்புங்கள். எங்களிடம் வரும்போது அதையே முதலில் சொல்லுங்கள்.