மைனஸ் 40 டிகிரியில் ஒரு கார்

சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி. வேலூர் பைபாஸில் தார் உருகுகிறது. அந்தச் சாலையில் ஓடும் ஒரு காரின் கணினியோ, இன்ஜின் மைனஸ் 40 டிகிரி குளிரில் விறைத்துக் கிடப்பதாக நம்பிக்கொண்டிருக்கலாம். ஒரே ஒரு வயர் அறுந்தால் போதும்.

இன்ஜினைச் சுற்றிவரும் கூலன்ட் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கணினிக்குச் சொல்வது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சென்சார். பெரும்பாலான கார்களில் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு) இருக்கும் இடத்தை ஒட்டியே அதைப் பொருத்தியிருப்பார்கள். அதன் முனைக்குள் இருப்பது மாங்கனீசு, நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைச் சுட்டெடுத்த ஒரு பீங்கான் துணுக்கு. செம்புக் கம்பி சூடானால் மின்தடை கூடும். இந்தத் துணுக்குக்கு நேர்மாறான குணம். சூடு ஏற ஏறத் தடை குறையும். இதே குணத்தை 1833இல் வெள்ளி சல்பைடில் கண்டு எழுதிவைத்தவர் மைக்கேல் ஃபாரடே. கார்களில் பரவலாகப் புழங்கும் ஒரு வகைச் சென்சார், 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம் காட்டும். 80 டிகிரியில் அது 320 ஓமாக இறங்கிவிடும். 100 டிகிரியில் 190 ஓம்கூடத் தேறாது.

கணினி 5 வோல்ட் மின்னழுத்தத்தைத் தனக்குள் இருக்கும் ஒரு நிலையான தடை வழியாக இந்தச் சென்சாருக்கு அனுப்புகிறது. சென்சார் முனையில் மிஞ்சும் வோல்டேஜைப் பார்த்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. வயர் அறுந்தால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். கணினிக்கு அது கடுங்குளிர். இரண்டு வயர்களும் ஒட்டிக்கொண்டால் வோல்டேஜ் பூஜ்யமாகும். உடனே 130 டிகிரிக்கு மேல் கொதிப்பதாகக் கணக்கு. அதென்ன மைனஸ் 40 என்று கேட்கலாம். மெக்கானிக்கின் ஸ்கேனருக்குக் கணினி அனுப்பும் எண்ணிலிருந்து 40ஐக் கழித்துப் படிக்க வேண்டும் என்பது ஓபிடி (வண்டி தன் கோளாறைத் தானே சொல்லும் முறை) விதி. பூஜ்யம் வந்தால் மைனஸ் 40. அதற்குக் கீழே காட்ட வழியில்லை. (செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றாகச் சேரும் புள்ளியும் அதுவே என்பது தற்செயல்.)

குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் குளிர் என்று தெரிந்தால் கணினி கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும். சூடான இன்ஜினுக்கும் அப்படியே தெளித்தால் மைலேஜ் சரியும், புகை கறுக்கும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். நாள்பட்டால் சைலன்சருக்கு முன்னால் இருக்கும், விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் கேடு. சென்சார் எதிர்த்திசையில் பொய் சொன்னால், காலையில் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் வண்டி எழாமல் போகலாம்.

வயர் முழுசாக அறுந்தால் கவலையே இல்லை என்பேன். செக் இன்ஜின் விளக்கு எரியும், பி 0118 என்ற கோடு பதிவாகும் (ஷார்ட் என்றால் பி 0117). பல கார்களில் கணினி முன்ஜாக்கிரதையாக ரேடியேட்டர் ஃபேனை இடைவிடாமல் ஓடவிடும். கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டாம். நம்பும்படி பொய் சொல்லும் சென்சார்தான் மெக்கானிக்கைப் படுத்தும்.

வயரைச் சென்சாரோடு இணைக்கும் கப்ளருக்குள் பச்சை பூத்து 200 ஓம் தடை கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் 2,500 ஓம் 2,700 ஆகும். கணினி 18 டிகிரி என்று படிக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. அதே 200 ஓம், இன்ஜின் 90 டிகிரியில் இருக்கும்போது என்ன செய்கிறது? அங்கே சென்சாரின் சொந்தத் தடையே 240 ஓம்தான். மொத்தம் 440 ஆகிவிட, கணினி 70 டிகிரி என்று படிக்கும். 20 டிகிரி பிசகு! கோடு விழாமலே பெட்ரோல் கரையலாம். குளிர்ந்த நிலையில் மட்டும் பார்த்துவிட்டு “சென்சார் நல்லாத்தான் சார் இருக்கு” என்று சொல்வது எப்படித் தவறாகிறது என்பது இதிலிருந்து புரியும். டாஷ்போர்டு முள்ளையும் நம்ப முடியாது. பல கார்களில் கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100இல் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் செய்து அனுப்புகிறார்கள்.

ஆகவே இரண்டு முறை பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வெளி வெப்பத்தோடும் ஒத்துப்போக வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து எண் ஏறுவதைக் கவனியுங்கள். சீராக ஏறி, தெர்மோஸ்டாட் திறக்கும் 80 சொச்சத்தில் லேசாகத் தயங்கி, நிலைகொள்ளும். நடுவில் 84இலிருந்து ஒரு நொடியில் மைனஸுக்குப் பாய்ந்து திரும்பினால் அது வயரிங் கோளாறு. எந்தத் திரவமும் அத்தனை வேகமாகக் குளிராது. வயரை மெல்ல அசைத்தால் எண்ணும் கூடவே ஆடும்.

சந்தேகம் தீரவில்லையா? கப்ளரைக் கழற்றுங்கள், மைனஸ் 40 வர வேண்டும். வயர் பக்கத்துக் கப்ளரின் இரண்டு பின்களையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள்; எண் உச்சத்துக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் கணினியும் சரி, சென்சாரைத்தான் பார்க்க வேண்டும். சில கார்களில் கணினி ஒரு கற்பனை எண்ணை இட்டு நிரப்பிவிடும். அங்கே மல்டிமீட்டர்தான் கதி. ஒரு எச்சரிக்கை: கப்ளரைப் பிடுங்கியதும் ஃபேன் திடீரென்று சுழலலாம். கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஆறிய இன்ஜினிலிருந்து கழற்றிய சென்சாரின் முனையைத் தண்ணீரில் முக்கி, அடுப்பில் ஏற்றி, தெர்மாமீட்டரும் மல்டிமீட்டருமாக ஓம் கணக்கைச் சரிபார்ப்பது பழைய வழி. இன்றும் அதைவிட நம்பகமானது இல்லை. தண்ணீர் கொதித்தால் 100 டிகிரி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள். ஊட்டியில் அது சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இதையெல்லாம் செய்து சென்சார் நிரபராதி என்று தெரிந்தும் எண் 65, 70ஐத் தாண்டவில்லை என்றால்? இன்ஜின் உண்மையிலேயே சூடாகவில்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும், அல்லது இல்லவே இல்லை. “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்” என்று அதைக் கழற்றி எறியும் பழக்கம் நம் ஒர்க்‌ஷாப்புகளில் இன்னும் போகவில்லை. கார்பரேட்டர் காலத்தில் எப்படியோ ஓட்டிவிட்டார்கள். இன்றைய வண்டிக்கு அது பெட்ரோல் தண்டம்.

சென்சாரை மாற்றச் சொன்னால், காலையிலும் சூட்டிலும் எடுத்த இரண்டு எண்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மாற்றிய பிறகு குறைந்த கூலன்டை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை முழுதும் வெளியேற்றிவிட்டார்களா என்றும் பாருங்கள். முனையைச் சுற்றிக் காற்றுக்குமிழி நின்றால் புதுச் சென்சாரும் தப்பாகத்தான் சொல்லும்.