கழுத்துத் தசை இயக்கும் குரல்

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுவதும் அகற்றியவர்களுக்கு, மூச்சு கழுத்தின் அடியில் இட்ட துளை வழியாகவே போய்வரும். நாக்கும் உதடும் அசையும். அவற்றுக்கு ஒலிதான் கிடைக்காது. கழுத்தில் அழுத்திப் பிடிக்கும் மின் குரல்வளை அந்த அதிர்வைத் தருகிறது. ஆனால் அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும். இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்கியபடி பேச முடியாது. பெரும்பாலும் ஒரே சுருதி வேறு.

அந்தக் கையை விடுவிக்க பாஸ்டன் ஆய்வாளர்கள் முனைந்தார்கள். 2004இல் அவர்களது கருவியின் வடிவமைப்பு வெளியானது. கழுத்தின் முன்புறம் பட்டையாக ஓடும் தசைகள் அறுவைக்குப் பின்னும் ஓரளவு மிஞ்சுவதுண்டு. அவை இறுகும்போது எழும் நுண்ணிய மின்சாரத்தைத் தோல்மேல் ஒட்டிய மின்முனை பிடிக்கும். அது ஒரு வரம்பைத் தாண்டினால் ஒலி பிறக்கும்; தணிந்தால் நிற்கும். இறுக்கத்துக்கு ஏற்பச் சுருதியும் மாறும். “சரி” என்ற ஒரே சொல்லை ஒப்புதலாகவும் கேள்வியாகவும் சொல்ல வழி பிறந்ததே இதன் பெரிய வரவு. சிலருக்கு, குரல்வளையை இயக்கிவந்த நரம்பையே அறுவையின்போது இந்தத் தசையோடு இணைத்தார்கள். தசையை நினைத்தபடி இறுக்கித் தளர்த்தப் பயிற்சி தேவை.

மின் குரலில் ஒருவர் பேசினால், குறுக்கிடாமல் முகம் பார்த்துக் கேளுங்கள். உதட்டசைவும் சேர்ந்தால் சொற்கள் தெளிவாகப் புரியும்.